ஒரே ஒரு முறை வருபவளுக்கு எந்தச் சோதனை?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்தவர் என் சின்னம்மா. புல் வெட்டுவது, உரம் போடுவது, மருந்தடிப்பது என்று முப்பது வருடத்துக்கு மேல். அவர் இறந்த பிறகு பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தோம். அடையாள அட்டை நகல், ஈ.பி.எஃப். கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கிளினிக்கில் எடுத்த பாப் ஸ்மியரின் முடிவு அது. பேனாவில் மலாயில் மூன்றே சொற்கள் எழுதியிருந்தார்கள்: ‘தீடாக் மெமுவாஸ்கான். ஊலாங்.’ மாதிரி திருப்திகரமாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள்.

சின்னம்மா முதல் சொல்லை மட்டும் படித்திருந்தார். கடையில், பஸ்ஸில், ஆபீஸில் தினமும் காதில் விழும் சொல் அது. தீடாக் என்றால் ‘இல்லை’. அந்தச் சீட்டு வந்த நாளில் அம்மாவிடம் அவர் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது: “இல்லைன்னுதான் எழுதியிருக்கு அக்கா. நோய் இல்லையாம்.” ஏழு வருடம் கழித்து, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருந்தது. கதிர் சிகிச்சைக்காகப் பினாங்குக்கு அலைந்தோம். பலிக்கவில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனைகள் எவ்வளவு துல்லியமானவை என்ற கேள்வியை நான் அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆய்வு இதழ்கள் துல்லியத்தை இரண்டு எண்களாகத் தருகின்றன. ஒன்று, நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன். மற்றொன்று, நோயில்லாதவரைச் சந்தேகமின்றி விடுவிக்கும் திறன். இரண்டுமே முக்கியம். ஆனால் அவை, மாதிரி சரியாக எடுக்கப்பட்டு, சரியாகப் படிக்கப்பட்டு, முடிவு உரியவர் கைக்குப் போய், அவருக்குப் புரிந்த பிறகுதான் உயிர் பெறும் எண்கள். கெடா தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் அடுக்குமாடிகளிலும் இருக்கும் பெண்களை மனதில் வைத்தே இந்தச் சோதனைகளை எடைபோட முயல்கிறேன்.

பாப் ஸ்மியரைத் தந்தவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற கிரேக்க நாட்டு மருத்துவர். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த அவர், 1928இல் தன் கண்டுபிடிப்பை முதலில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்ற மகப்பேறு மருத்துவருடன் சேர்ந்து 1943இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. முறை எளியது. கர்ப்பப்பை வாயை மரக்கரண்டி போன்ற ஒரு குச்சியால் சுரண்டி, ஒட்டிவந்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது.

எளிய முறைதான், ஆனால் இடறுவதற்கு நிறைய இடங்கள் உண்டு. குச்சி சரியான வளையத்தைத் தொட வேண்டும். வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் அந்தக் குறுகிய எல்லையில்தான் மாற்றங்கள் தொடங்குகின்றன. பூசியவுடன் தகட்டை ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். காற்றில் காய்ந்துவிட்டால் செல்கள் உப்பி உருவம் கெட்டுவிடும். ரத்தமோ சளியோ கலந்தால் மறைத்துவிடும். இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், பல்லாயிரம் செல்களுக்கு நடுவே கோளாறான சிலவற்றை ஒரு மனிதக் கண் தேடிப் பிடிக்க வேண்டும். பாப் ஸ்மியர் தவறவிடும் நோயாளிகளில் பெரும்பங்கு ஆய்வுக்கூடத்தில் தவறவிடப்படுவதில்லை, மாதிரி எடுக்கும் கட்டிலிலேயே தவறவிடப்படுகிறார்கள். செல்களைத் திரவத்தில் கழுவி எடுக்கும் புதிய முறை வந்தபின் பயனற்ற மாதிரிகள் குறைந்தன. ஆனால் நோயைப் பிடிக்கும் திறன் அதனால் பெரிதாகக் கூடிவிடவில்லை.

இந்த முறையின் பலவீனம் எவ்வளவு என்பதைக் கனடாவில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. 30 முதல் 69 வயதுவரை உள்ள 10,154 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய முன்நிலை மாற்றங்களில் பாப் ஸ்மியர் பிடித்தது 55.4 விழுக்காடு. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. சோதனை பிடித்தது 94.6 விழுக்காடு. நோயில்லாதவரை விடுவிப்பதில் பாப் ஸ்மியர் சற்று மேல்: 96.8க்கு 94.1. அதற்கு முந்தைய வருடம் ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த ஜாக் கியூசிக் குழுவினரும் கிட்டத்தட்ட இதே எண்களுக்குத்தான் வந்தார்கள்.

விழுக்காட்டில் சொன்னால் இது மனதில் நிற்காது. ஆயிரம் பெண்களை வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். கணக்குக்காக, அவர்களில் பத்துப் பேருக்கு முற்றிய மாற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடா எண்களின்படி, பாப் ஸ்மியர் சுமார் 37 பேரை ‘மறுபடி வா’ என்று கூப்பிடும். அவர்களில் உண்மையில் மாற்றம் உள்ளவர்கள் ஐந்தாறு பேர். எச்.பி.வி. சோதனை சுமார் 68 பேரைக் கூப்பிடும். அவர்களில் மாற்றம் உள்ளவர்கள் ஒன்பது பத்துப் பேர். ஆக இரண்டு சோதனைகளிலுமே, கூப்பிடப்பட்ட ஏழு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் நோய்க்கூறு இருக்கும். பெரிய வித்தியாசம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் இருக்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்று பாப் ஸ்மியர் அனுப்பியவர்களில் நாலைந்து பேர் நோயோடு போகிறார்கள். எச்.பி.வி. அனுப்பியவர்களில் ஒருவர் இருக்கலாம், அவரும் இல்லாமல் இருக்கலாம்.

அப்படியானால் பாதியைத் தவறவிடும் பாப் ஸ்மியர் எப்படி இத்தனை நாடுகளில் உயிர்களைக் காப்பாற்றியது? பின்லாந்தில் அறுபதுகளில் தொடங்கிய ஒழுங்கமைந்த திட்டம் இந்தப் புற்றுநோயைச் சுமார் 80 விழுக்காடு குறைத்தது. காரணம், இந்த நோயின் மெதுவான நடை. கிருமி தொற்றிப் புற்றுநோயாக முற்ற 15 முதல் 20 வருடம் ஆகலாம். இந்த முறை தவறவிட்டதை மூன்று வருடம் கழித்து அடுத்த முறை பிடிக்கலாம், அதிலும் தவறினால் அதற்கடுத்த முறை பிடிக்கலாம். ஒரு பெண் நாலைந்து தடவை வந்துவிட்டால் பாதித் துல்லியம் முழுத் துல்லியத்துக்கு அருகில் போய்விடுகிறது. திரும்பத் திரும்ப வருபவளுக்காக அமைந்த சோதனை அது.

தோட்டத்துப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாளா? இங்கேதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மலேசியாவில் பாப் ஸ்மியர் 1969இலேயே வந்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஓர் அங்கமாக வந்தது. மாத்திரை வாங்க வரும் பெண்ணுக்கும், பிரசவமான பின் வரும் பெண்ணுக்கும் எடுத்தார்கள். பின்னாளில் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் விரிவாக்கினாலும் பழக்கம் அப்படியே நின்றது: வேறு வேலையாகக் கிளினிக்குக்கு வந்தவளுக்குத்தான் சோதனை. அதனால் இருபதுகளில், முப்பதுகளில் உள்ளவர்களுக்குச் சோதனை நடந்தது. பிள்ளை பெற்று முடித்த ஐம்பது வயதுக்காரிக்கும், விதவைக்கும், புருஷன் விட்டுப்போனவளுக்கும் கிளினிக் வாசலை மிதிக்கக் காரணமே இல்லாமல் போனது. இந்தப் புற்றுநோய் அதிகம் தாக்குவது அவர்களைத்தான். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2007–2011 அறிக்கையில் மூன்று பெரிய இனங்களில் இந்தியப் பெண்களிடையேதான் இதன் விகிதம் மிக அதிகம். நம் சங்கக் கூட்டங்களில் இதை எத்தனை பேர் பேசிக் கேட்டிருக்கிறோம்?

தோட்டத்து வாழ்க்கையின் கால அட்டவணையும் கிளினிக்கின் கால அட்டவணையும் பொருந்தவே இல்லை. விடியுமுன் பிரட்டு, அதாவது வேலைக்கு ஆளெடுப்பு. பால்மரம் சீவுபவர்கள் பால் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மதியமாகிவிடும், கிளினிக்கில் அன்றைய நம்பர் தீர்ந்திருக்கும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து தருவார். அவர் ஆண், தெரிந்தவர், கோயில் திருவிழாவில் எதிரே நிற்பவர். அவரிடம் இதைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்து விலாசம் அழிந்தபோது, அந்த விலாசத்துக்குப் போக வேண்டிய ‘மறுபடி வா’ கடிதமும் போக இடமில்லாமல் போனது.

இப்படிப்பட்ட பெண்களுக்கு எந்தச் சோதனை என்பதற்கு கனடா ஆய்வைவிட நமக்கு நெருக்கமான சான்றுகள் இரண்டு இந்தியாவில் உண்டு. முதலாவது திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தினரும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணனும் சேர்ந்து நடத்தி, 2007இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அங்கே பயன்பட்ட முறைக்கு நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற தாதிகள் கிராமம் கிராமமாகப் போய்ச் செய்தார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,311 பெண்களை அழைத்ததில் 31,343 பேர் வந்தார்கள். ஏழாண்டுகளில் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. அன்றே முடிவு, முடிந்தால் அன்றே சிகிச்சை. என் சின்னம்மாவின் சீட்டுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட 30,958 பெண்களுக்குச் சோதனை தரப்படவில்லை. அவர்களில் 92 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். பலன் தரும் என்று முன்பே தெரிந்த ஒன்றை ஏழைப் பெண்களுக்கு நிறுத்திவைத்தது சரியா என்ற கேள்வி பின்னர் வலுவாக எழுந்தது. அந்த ஊர்களில் அப்போது எந்தச் சோதனைத் திட்டமும் நடைமுறையில் இல்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு வாதம். எனக்கு அது போதவில்லை. இந்த எண்களைச் சொல்லும்போது அந்த 92 பேரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இரண்டாவது ஆய்வு மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து, 2009இல் வெளியானது. நான் படித்தவற்றில் கெடா தோட்டப் பெண்ணுக்கு மிக நேராகப் பேசுவது இதுதான். 131,746 பெண்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எச்.பி.வி., ஒன்றுக்கு பாப், ஒன்றுக்கு அசிட்டிக் அமிலம், மற்றொன்றுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு தடவைதான் சோதனை. எட்டாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, சோதனை இல்லாத குழுவில் 64 மரணம். பாப் குழுவில் 54, அமிலக் குழுவில் 56. எச்.பி.வி. குழுவில் 34. பாப், அமிலம் இரண்டு முறைகளிலும் கிடைத்த குறைவு, தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய அளவே. எச்.பி.வி.யில் மட்டும் மரணம் பாதியானது. பாப் அல்லது அமிலச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்த பெண்களிடையே பின்னாளில் புற்றுநோய் தோன்றிய விகிதம், எச்.பி.வி.யில் ‘இல்லை’ என்று வந்தவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேல்.

ஆயுளில் ஒரு தடவைதான் வரப்போகிறாள் என்றால் எந்தச் சோதனை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் பலித்த அமிலச் சோதனை உஸ்மானாபாத்தில் ஏன் பலிக்கவில்லை? அது முழுக்கப் பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பிய முறை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். மாதவிலக்கு நின்ற பிறகு அந்த எல்லை வளையம் உள்ளே ஏறிவிடுவதால், ஐம்பது தாண்டியவர்களிடம் வெள்ளைப் பகுதி கண்ணுக்கே படாமல் போகும். நம் தோட்டங்களில் விடுபட்டவர்களோ பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான்.

சோதனைகளின் துல்லியம் பற்றிய எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையில் நோய் இருக்கிறதா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப் வழியாகப் பார்த்து எடுக்கும் சதைத்துணுக்கு. பல ஆய்வுகளில், சோதனையில் சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும்தான் அதைச் செய்வார்கள். ‘இல்லை’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது என்று யாரும் தேடாவிட்டால், சோதனையின் பிடிக்கும் திறன் உண்மையில் உள்ளதைவிடக் காகிதத்தில் உயர்ந்ததாகத் தெரியும். அசிட்டிக் அமிலச் சோதனை பற்றிய பழைய எண்கள் சிலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. கால்போஸ்கோப் பார்ப்பவரும் தவறுவார். சதைத்துணுக்கு எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நோய் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஒரு சோதனை ‘98 விழுக்காடு துல்லியம்’ என்று விளம்பரத்தில் படித்தால், எதை எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

வசதியான நாடுகளிலும் சோதனை தவறவிடுவது நடக்கும். அயர்லாந்தில் 2018இல் விக்கி ஃபெலன் என்ற பெண் நீதிமன்றம் போனபின் வெளிவந்த செய்தி அந்நாட்டை உலுக்கியது. புற்றுநோய் வந்த பெண்களின் பழைய தகடுகளை மறுபடி ஆராய்ந்ததில் பலவற்றை வேறு விதமாகப் படித்திருக்கலாம் என்று தெரிந்தும், அதை அந்தப் பெண்களில் பெரும்பாலோரிடம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட தகடுகள் இருந்தவர்கள் முதல் கணக்கில் 209 பேர், பின்னர் 221. தகடு தவறவிட்டதைவிட, தெரிந்தும் சொல்லாததுதான் மக்களைக் கொதிக்கவைத்தது.

எச்.பி.வி. சோதனையின் அடித்தளம் ஹரால்ட் சூர் ஹௌசன் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் போட்டது. இந்தப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. கிருமியே காரணம் என்று நிறுவியதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகில் இந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்தச் சோதனையை முதன்மைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. மலேசிய சுகாதார அமைச்சும் 2019 முதல் படிப்படியாக இதற்கு மாறி, 30 முதல் 65 வயதுவரை உள்ளவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று வகுத்தது. 16 அல்லது 18 இருந்தால் நேரே கால்போஸ்கோப். மற்ற வகைகள் என்றால் முதலில் செல்களைப் பார்க்கிறார்கள்.

இந்த மாற்றத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம் என்பது. கட்டிலில் ஏறிப் படுத்துக் காலை விரிக்க வேண்டாம். முனையில் மெல்லிய இழை கொண்ட நீண்ட குச்சி ஒன்றைத் தருகிறார்கள். கழிப்பறைக்குள் போய், கதவைத் தாழிட்டு, நின்றபடியோ குந்தியபடியோ சில அங்குலம் உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடினால் முடிந்தது. கர்ப்பப்பை வாயைத் துல்லியமாகத் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. தேடுவது செல்லின் உருவத்தை அல்ல, கிருமியின் மரபணுவை. இப்படிச் சுயமாக எடுத்த மாதிரி, மருத்துவர் எடுத்ததற்கு ஈடாகுமா? பெல்ஜியத்தின் மார்க் ஆர்பின் குழுவினர் 2018இல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வகைக் கருவிகளில் இரண்டும் ஏறக்குறைய சமம். வேறு வகைக் கருவிகளில் சுய மாதிரி பின்தங்கியது. ஆகவே எந்தக் கருவியில் ஓட்டுகிறார்கள் என்பது முக்கியம்.

மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வூ யின் லிங் முன்னின்று, ஆஸ்திரேலியாவின் வி.சி.எஸ். அமைப்போடு 2018இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டம் இந்தச் சுய மாதிரியைக் கைத்தொலைபேசியோடு இணைத்தது. முடிவு குறுஞ்செய்தியாக நேரே பெண்ணின் போனுக்கு வரும். விலாசம் மாறினால் கவலையில்லை. துல்லியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதையும் துல்லியத்தின் பகுதியாகத்தான் எண்ண வேண்டும்.

இனி, எச்.பி.வி. சோதனை கொண்டுவரும் சங்கடம். இது உடலுறவால் தொற்றும் கிருமி. ‘இருக்கிறது’ என்று முடிவு வந்தால் லயத்திலும் அடுக்குமாடியிலும் எழும் முதல் கேள்வி ‘எங்கிருந்து வந்தது?’ என்பதுதான். பதில் இது: உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொற்று வந்துபோகும். பத்துப் பதினைந்து வருடம் உடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் தெரியவரலாம். இன்று தெரிந்ததால் நேற்று யாரோ தவறு செய்தார்கள் என்று பொருளில்லை. மேலே சொன்ன கணக்கில், கூப்பிடப்பட்ட 68 பேரில் சுமார் 58 பேருக்கு முற்றிய மாற்றம் எதுவுமே இல்லை. அந்த 58 பெண்களும் வீட்டில் அவமானப்பட்டு, அடுத்த சோதனைக்கு வராமல் போனால், அவர்களோடு சேர்ந்து அந்த ஒன்பது பத்துப் பேரும் வராமல் போவார்கள். முடிவைத் தமிழில், ஒரு பெண் வாயால், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்துச் சொல்வதற்கு ஆள் வேண்டும். பாலிங், கோலக்கெட்டில் பக்கமிருந்து கால்போஸ்கோப்புக்காகச் சுங்கைப்பட்டாணியோ அலோர் ஸ்டாரோ போக ஒரு நாள் விடுப்பும் பஸ் காசும் துணைக்கு ஆளும் வேண்டும். 68 பேரைக் கூப்பிடும் சோதனைக்கு அந்த 68 பேரையும் பார்க்க இடமும் நேரமும் வேண்டும். இவை அமையாமல் சோதனையை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

பள்ளிகளில் 13 வயதுப் பெண்களுக்கு 2010 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். முதலில் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இன்னும் சிறிது காலத்தில் முப்பது வயது நிறைகிறது. அவர்களிடையே நோய் அரிதாகும்போது, நுண்ணோக்கியில் தேடிச் சலிக்கும் கண்களுக்குத் தவறான எச்சரிக்கைகளே அதிகம் கிடைக்கும். பாப் ஸ்மியரை முதன்மைச் சோதனையாக வைத்திருக்க அது மேலும் ஒரு தடை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஊசி இல்லை, அவர்களுக்குச் சோதனை ஒன்றுதான்.

சின்னம்மாவின் மகளுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. போன வருடம் பலமுறை சொல்லிக் கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குச்சியை வாங்கிக் கழிப்பறைக்குள் போனவள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, “இவ்வளவுதானா?” என்றாள். சில வாரம் கழித்து, இரவு வேலையிலிருந்து திரும்பிய காலையில், போனுக்கு வந்த முடிவை எனக்கு அனுப்பியிருந்தாள். ‘தீடாக் டிகெசான்’ என்று இருந்தது. கண்டறியப்படவில்லை. நான் படித்து முடிப்பதற்குள் அவள் குரல்பதிவு வந்தது.

“அக்கா, இது எந்தத் தீடாக்?”